ஓஃபா ராஜாவின் இன்னொரு கரை

பழைய ஆங்கிலேய ராஜா ஓஃபா வேல்ஸ் எல்லையில் போட்ட மண்கரை எங்கள் பண்ணைக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி ஓடுகிறது. வரைபடம் போட்டவர்கள், புத்தகம் எழுதியவர்கள், முதுகில் மூட்டையோடு நடக்க வருகிறவர்கள், எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாக அது அங்கேதான் கிடக்கிறது, யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. எனக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. வேல்ஸ்காரன் தாண்டி வரக் கூடாது என்று மலையும் ஆறும் பார்க்காமல் அத்தனை தூரம் மண்ணைக் குவித்த மனிதன், என் வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறானே என்று.

அதனால் நானே ஒரு கரையைக் கண்டுபிடித்தேன்.

என் பெயர் மோஸ்டின் பஃப்டன். வயது அறுபத்தேழு. முந்நூறு ஆடும், வலது முழங்காலில் வலியும், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வாயும் உண்டு. நான் கண்டுபிடித்த கரை பக்கத்துப் பண்ணைக்காரன் ட்ரெவர் ஹேமரின் நிலத்தில், ரோட்டை ஒட்டி இருந்தது. எண்பது கெஜ நீளம், நெஞ்சளவு உயரம், மேலே முள்செடி, உள்ளே முயல் வளை. இது ஓஃபாவின் முதல் முயற்சி, பிறகுதான் அவன் மனம் மாறிக் கிழக்கே நகர்ந்தான் என்று சொன்னேன். துண்டுப் பிரசுரம் அச்சடித்தேன். அதில் இதற்குப் ‘பஃப்டன் கிளை’ என்று பெயர் வைத்தேன். கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது வழக்கம் என்று அதே பிரசுரத்தில் ஒரு வரியும் சேர்த்தேன்.

இடைஞ்சல் ஒன்று இருந்தது. ஓஃபாவின் கரையில் பள்ளம் எப்போதும் மேற்கே, வேல்ஸைப் பார்த்து இருக்கும். எதிரி அந்தப் பக்கம்தானே. என் கரையில் பள்ளம் கிழக்கே, ரோட்டுப் பக்கம் இருந்தது. கேட்டவர்களிடம், “இங்க வேலை பாத்தவங்களுக்கு உத்தரவு தப்பாப் போய்ச் சேர்ந்திருக்கு” என்று சொல்லிவிடுவேன். ராஜாங்க வேலையில் இதெல்லாம் நடப்பதுதான் என்று வந்தவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

ட்ரெவர் மட்டும் தலையாட்டவில்லை. அவனும் நானும் சிறு வயதிலிருந்து ஒன்றாக ஆட்டுக்கு மயிர் வெட்டியவர்கள். அவனுக்குத் தொழிலே மண் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது. மாவட்டத்தில் பாதிப் பள்ளம் அவன் தோண்டியதுதான்.

“டேய், அது எங்கப்பா போட்டதுடா” என்றான். “உங்கப்பனோட கிடா தினம் வந்து எங்கம்மா முட்டைக்கோஸ மேஞ்சுட்டுப் போகும். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு புல்டோசர வாடகைக்கு எடுத்துத் தள்ளுனாரு. நீ பொறந்த வருஷம்.”

இதைக் கேட்டு நான் என்ன செய்தேன் என்றால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டேன். பழைய எல்லைச் சண்டையின் நினைவு மக்கள் வாயில் இப்படித்தான் புதுக் கதையாக மாறி நிற்கும், கிடா என்பது படையெடுத்து வந்த வேல்ஸ்காரனுக்கு உருவகம் என்று எழுதினேன். புல்டோசர் எதற்கு உருவகம் என்று எழுதவில்லை.

அவன் மனைவி எலினெட்டும் சொல்லிப் பார்த்தாள். அவள் வடக்கே, வெல்ஷ் மொழியிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்து ஆட்கள் வேல்ஸ்காரர்கள்தான், ஆனால் அந்த மொழி எங்கள் தாத்தாக்கள் காலத்துக்கு முன்பே காணாமல் போய்விட்டது. நான் ஆறு குளிர்காலம் தேவாலயக் கூடத்தில் மாலை வகுப்புக்குப் போய் அதைத் திரும்பப் படித்தேன். ஆறு வருஷப் படிப்பில் ஆட்டை விலை கேட்கவும் வானிலையைத் திட்டவும் வரும். இந்த மூலதனத்தோடு பழைய நிலப்படம் ஒன்றைப் பிரித்து, ட்ரெவரின் அந்த வயலுக்கு ‘கே கிளவ்த்’ என்று பெயர் இருப்பதைப் பார்த்தேன். கே என்றால் வயல். கிளவ்த் என்றால் கரை. ஓஃபாவின் கரைக்கு வெல்ஷில் கிளவ்த் ஓஃபா என்றுதான் பெயர். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு எலினெட்டின் சமையலறைக்கு ஓடினேன்.

அவள் மாவுக் கையோடு படத்தைப் பார்த்தாள். “மோஸ்டின், கிளவ்த்னா வயல் வரப்புங்க. செடி வச்ச வேலிக்கும் அதேதான். எங்க ஊர்ல எல்லா வயலுக்கும் நாலு கிளவ்த் இருக்கும். எல்லாத்தையும் ஓஃபாவா வந்து போட்டான்?”

“அது பேச்சு வழக்கு” என்றேன். “இலக்கண சுத்தமாப் பாத்தா அர்த்தம் வேற.”

அவள் பிறந்ததிலிருந்து பேசும் மொழி. நான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை படித்த மொழி. அவள் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். அவள் வாயடைத்துப் போனதாக நினைத்துக்கொண்டு மீசையை நீவியபடி வீட்டுக்கு வந்தேன்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத கிறுக்குத்தனமாகவே போயிருக்கும், ட்ரெவருக்கு மட்டும் பக்கவாதம் வராமல் இருந்திருந்தால்.

வலது கை, வலது கால் போயிற்று. பேச்சு திரும்பியது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் சேற்றிலிருந்து பிடுங்குவது போல எடுத்தான். அவர்கள் வீட்டுக்குப் போகிற பாதை ஓடையைத் தாண்டித்தான் போகும். பாலம் கிடையாது. கோடையில் கணுக்கால் தண்ணீர், மழைக்காலத்தில் ஆளை இழுக்கும் தண்ணீர். எலினெட் ஒரே ஒரு வழி பார்த்தாள். ரோட்டை ஒட்டிய கரையில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு வெட்டு. அது இருந்தால் ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வந்துவிடும். அவள் மாவட்ட சபைக்கு விண்ணப்பம் போட்டாள்.

நான் ஆட்சேபம் போட்டேன்.

ட்ரெவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். ஆனால் பஃப்டன் கிளையில் பன்னிரண்டு அடி போகிறது என்று கேட்டதும் என் விலா எலும்பில் பன்னிரண்டு அடி எடுக்கிறார்கள் போல இருந்தது. எட்டாம் நூற்றாண்டு, ஈடு இணையற்ற சின்னம், வருங்காலச் சந்ததி என்று ஒன்பது பக்கம் எழுதினேன். நினைவுச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம், ஆய்வு முடியும்வரை மண்ணைத் தொடாதே என்று சொல்லிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மனைவி கிளெனிஸ் உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

“ஓஃபா செத்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆச்சு. ட்ரெவர் இன்னும் சாகல. ரெண்டு பேர்ல யாரப் பாக்கணும்னு உனக்குத் தெரியலையா?”

“ஆய்வுதானே பண்றாங்க. மாசக்கணக்கு ஆகாது.”

“அப்போ நீ போய்த் தோண்டு. ஒன்பது பக்கம் எழுதுற நேரத்துல தோண்டி முடிச்சிருப்ப.”

மாசக்கணக்குத்தான் ஆயிற்று. ஜனவரி வெள்ளத்தில் ட்ரெவருக்கு மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. நான்தான் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் தீவனம் ஏற்றும் பெட்டியில் வைக்கோல் போட்டு அவனைப் படுக்க வைத்தோம். எலினெட் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் சக்கரத்தில் பாதிவரை வந்தது. கரையேறியதும் அவன் என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்தான்.

“ஓஃபா ராஜா... அனுமதி... குடுத்துட்டாரா?”

நான் சிரித்தேன். அவன் பிழைத்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அவன் கேட்ட கேள்வி மண்டையில் ஏறவில்லை. ஊரில் எல்லோரிடமும் நான் டிராக்டர் ஓட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதனால் ஓட்ட வேண்டி வந்தது என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரியில் வீட்டை விற்கப் போவதாக எலினெட் சொன்னாள். டவுனில் தரைத் தளத்தில் ஒரு சிறிய வீடு பார்த்திருந்தார்கள். ட்ரெவர் அந்த வீட்டிலேயே பிறந்தவன், போக அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை. இன்னொரு மழைக்காலத்தைப் பார்க்கத் தனக்குத் தைரியமில்லை என்றாள். பர்மிங்ஹாமிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்துப் பிடித்துப் போய்விட்டது. அவர்கள் கையில் என் துண்டுப் பிரசுரம் இருந்தது. அதற்கும் நான் உள்ளுக்குள் பூரித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்துப் பயனில்லை.

“கரையத் தொடலாம்னு தெரிஞ்சா இப்பவும் விக்க மாட்டோம்” என்றாள் எலினெட். “ஆய்வு எப்ப முடியும்னு உங்களுக்காவது தெரியுமா?”

“சீக்கிரம்” என்றேன்.

மார்ச்சில் அலுவலகத்திலிருந்து நெஸ்டா ப்ராபர்ட் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், பேச்சில் அத்தனை பணிவு. கரையின் குறுக்கே ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டினாள். இரண்டு நாளும் நான் மடக்கு நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்கு ஓஃபாவைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவள் ஓஃபாவின் கரையைப் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பது மறுநாள் மாலை கிளெனிஸ் டீ கொண்டுவந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

கரையின் அடியில், பழைய புல்தரைக்கு நேர் மேலே, ஒரு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது. இடது கால். ஒன்பதாம் நம்பர்.

“முயல் இழுத்துட்டுப் போயிருக்கும்” என்றேன்.

நெஸ்டா பூட்ஸைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டே, “பெரிய முயலாத்தான் இருக்கணும் சார்” என்றாள்.

“பள்ளம் கிழக்க இருக்கிறத நீங்க எப்படிப் பாக்கறீங்க?”

“எந்தப் பக்கத்துலேர்ந்து ஆளு வரக் கூடாதுன்னு நினைச்சாங்களோ, பள்ளம் அந்தப் பக்கம் இருக்கும். வழக்கமா அப்படித்தான்.” அவள் நிமிர்ந்து கிழக்கே பார்த்தாள். “அங்க இருக்கிறது யாரோட பண்ணை?”

என்னோடது என்றேன்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. அதிகாரபூர்வமான அறிக்கை அல்ல, அவள் கையால் எழுதிய கடிதம். அறிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும், இத்தனை வருஷம் இந்தக் கரையை நேசித்த நீங்கள் முதலில் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்று எழுதியிருந்தாள். கரை அறுபது, எழுபது வயதுக்கு மேல் ஆனதல்ல. தடை நீங்குகிறது. ‘உங்கள் பக்கத்து வீட்டார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்கள்’ என்று முடித்திருந்தாள்.

கடிதத்தை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தேன். ட்ரெவர் வீட்டுக்கு நடந்தால் ஏழு நிமிஷம். நான் ஆட்டுக்குத் தீவனம் வைக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நடைக் கழகத்தின் வருடாந்திர நடை இருந்தது. அது பஃப்டன் கிளையில் வந்து முடியும். நான் உரையாற்ற வேண்டும். அதற்குப் பிறகு எனக்குப் பித்தளைப் பட்டை அடித்த கைத்தடி தரப்போவதாகப் பேச்சு. பட்டையில் ‘கரைக் காவலர்’ என்று பொறித்தாயிற்று என்று செயலாளர் ரகசியமாகச் சொல்லியிருந்தார். ஐந்து நாள்தானே என்று நினைத்தேன். ஞாயிறு முடிந்ததும் ட்ரெவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். விற்பனைக் கையெழுத்து மாதக் கடைசியில் என்று எங்கோ காதில் விழுந்த ஞாபகம். சரியாக என்றைக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்றுதான் கேட்கவில்லை.

கிளெனிஸிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை அவள் கோட்டைத் துவைக்க எடுத்தபோது பிடுங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள்ளேயே கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“குளிருதா?” என்றாள்.

“ஆமா.”

“அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா?”

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். வெயில் அடித்தது. கரைமேல் ஏறி நின்று பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. கூடை கூடையாக மண் சுமந்தவர்கள், பெயர் தெரியாமல் போனவர்கள், தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காமல் எல்லைக்காக உழைத்தவர்கள் என்று சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். உள்பையில் கடிதம் மொடமொடத்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கைத்தடியை வாங்கிக்கொண்டு, அதை ஊன்றிக்கொண்டே ட்ரெவர் வீட்டுக்கு இறங்கினேன்.

ட்ரெவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் இருந்தன. கடிதத்தை எலினெட்டிடம் நீட்டினேன்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள்.

“இது எப்ப வந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமை.”

“நாங்க வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டோம்.”

“மாசக் கடைசின்னு...”

“வியாழக்கிழமை” என்றாள். “காலைல பத்தரைக்கு. உங்க வீட்டு வழியாத்தான் கார்ல போனோம். நீங்க கேட் பக்கத்துல நின்னு கையாட்டுனீங்க.”

ஆட்டியிருந்தேன்.

திரும்பப் பெற முடியாதா, வக்கீலிடம் நான் பேசுகிறேன், அவர்களிடம் நானே போய்க் கெஞ்சுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெல்ஷில் மெதுவாக ஏதோ சொன்னாள். ஆறு குளிர்காலம் படித்தும் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, புரிந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். பிறகு கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ட்ரெவர் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை... தட்டுனது... கேட்டுச்சு” என்றான். “நல்லாப் பேசுன... போல.”

நான் அழுதேன். அவன் இடது கையால் என் முழங்காலைத் தட்டினான். வலியுள்ள முழங்கால்தான், நகர்த்தவில்லை.

பர்மிங்ஹாம்காரர்களிடம் போய்ப் பேசினேன். நல்லவர்கள்தான். ஆனால் அவர்களும் தங்கள் வீட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்கள், திரும்பிப் போக இடமில்லை. கரை வெறும் வரப்பு என்று சொன்னதற்கு முதலில் நம்பவில்லை. என் பிரசுரத்தையே எடுத்து என்னிடம் காட்டினார்கள். அறிக்கை வந்த பிறகுதான் நம்பினார்கள். நம்பியதும் அவர்கள் செய்த முதல் வேலை, சாமான் வண்டி உள்ளே வர வசதியாகக் கரையை வெட்டியது. மே மாதம் ஒரு காலைப்பொழுதில் இயந்திரம் வந்தது. நான் என் கேட் அருகே நின்று பார்த்தேன். ஓட்டியவன் நடுவில் ஒரு சிகரெட்கூடப் பிடித்தான். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டான்.

வியாழக்கிழமைதோறும் டவுனுக்குப் போய் ட்ரெவரைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓஃபாவின் நிஜக் கரை போகிறது, ஜன்னலைத் திறந்தால் அதுதான் மறைக்கிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எலினெட் டீ போட்டுக் கொடுப்பாள். என்னோடு அளவாகப் பேசுவாள், அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு யோக்யதை இல்லை.

கரையை வெட்டியது பற்றி நானாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் எப்படியோ கேள்விப்பட்டிருந்தான்.

“வெட்டி... ட்டாங்களாமே.”

“ஆமா.”

“எவ்வளவு... நேரம் ஆச்சு?”

நாற்பது நிமிஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கரையைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகிய வாய், இன்னும் ஒன்று சொன்னால் என்ன என்று நினைத்துவிட்டது.

“கஷ்டப்பட்டுட்டான்டா. ஒரு முழு நாள் ஆச்சு.”

ஐம்பது வருஷம் மண் வெட்டும் இயந்திரம் ஓட்டியவன் என் முகத்தைப் பார்த்தான்.

“அந்த... வரப்புக்கா?” என்றான்.